மடியில் ஒரு பை: கொழும்பு பஸ்ஸும் நாங்களும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

போன கிழமை பத்தாம் தர வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நாளைக்கு நாங்க எல்லாரும் நூதனசாலைக்குப் போகணும். ஸ்கூல் வேன் இல்ல, ஆட்டோ இல்ல. எப்படிப் போறது?" முப்பத்திநான்கு பிள்ளைகள். எல்லோரும் கொழும்பில் பிறந்து கொழும்பிலேயே வளர்பவர்கள். ஒரு பொடியன் எழும்பி, "பிக்மீ போடுவோம் டீச்சர்" என்றான். ஆட்டோவும் இல்லை, காரும் இல்லை என்றேன். "அப்ப ஊபர்" என்றான் இன்னொருவன். வகுப்பே சிரித்தது.

ஐந்து பிள்ளைகள்தான் சரியான பதில் சொன்னார்கள். புறக்கோட்டைக்குப் போய் 138 இல் ஏறினால் நூதனசாலைப் பக்கம் இறங்கலாம் என்றார்கள். அந்த ஐந்து பேரும் தினமும் பஸ்ஸில் வருபவர்கள். வேனுக்கு மாதாமாதம் கொடுக்க அவர்கள் வீட்டில் காசு இல்லை.

மணி அடித்த பிறகு அவர்களில் ஒரு பிள்ளை என் மேசைக்கு வந்து, மெதுவான குரலில், "டீச்சர், நான் பஸ்ல வாரன் எண்டு இனி வகுப்புல செல்ல வாணாம்" என்றாள்.

அன்று முழுக்க அந்த ஒரு வசனம் மனதை விட்டுப் போகவில்லை. வகுப்பில் பதில் தெரிந்தவள் அவள்தான். வெட்கப்பட்டவளும் அவள்தான். நான் ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், வரலாற்றை அரசர்களிலிருந்து தொடங்காமல் பிள்ளை நடந்து வந்த பாதையிலிருந்து தொடங்கிப் பாருங்கள் என்று சொல்வார். அந்தப் பிள்ளை வரும் பாதைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை அவளுக்கும் வகுப்புக்கும் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

ரயிலிலிருந்து தொடங்குகிறேன். இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867 இல் பாதை கண்டி வரை போனது. அதைப் போட்டது சனங்களை ஏற்றுவதற்காக அல்ல. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரத்தான் வெள்ளைக்காரன் அவ்வளவு செலவழித்தான். ஆனால் தண்டவாளம் போட்டால் சனமும் ஏறும்தானே. கரையோரப் பாதை 1894 இல் காலி வரை போய்ச் சேர்ந்தது. மொறட்டுவையில், பாணந்துறையில், களுத்துறையில் இருந்தவர்கள் காலையில் கொழும்புக்கு வந்து வேலை செய்துவிட்டுப் பொழுதுபட வீடு திரும்ப முடிந்தது. இன்றைக்கும் "ஒபிஸ் கோச்சி" என்று சொல்கிறோமே, அந்த வாழ்க்கை அப்படித்தான் உருவானது.

ரயில் கொழும்புக்குக் கொண்டுவந்து விட்டது, சரி. நகரத்துக்குள்ளே எப்படிப் போவது? நடக்க வேண்டும். காசு உள்ளவனுக்குக் குதிரை வண்டி. அதற்குப் பிறகு ரிக்‌ஷா. அதை இழுத்தவர்களில் கூடுதலானோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தமிழர்கள். ஒருவன் உட்கார்ந்திருக்க இன்னொருவன் வெயிலில் ஓடுவான். அந்தக் காலத்துக் கொழும்பில் பயணம் என்றால் யார் உட்காருவது, யார் இழுப்பது என்ற கணக்குத்தான்.

1899 இல் மின்சார ட்ராம் வந்தது. பூஸ்டெட் சகோதரர்கள் என்ற ஆங்கிலக் கம்பனி நடத்தியது. கொழும்பில் மின்சாரம் என்பதே புதினமாக இருந்த காலம். ஒரு பாதை கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு. மற்றது புறக்கோட்டை, மருதானை வழியாகப் பொரளைக்கு. இந்த இரண்டு பாதைகளும் எங்கள் சனம் வாழ்ந்த, வேலை செய்த இடங்களுக்கு நடுவாகத்தான் போயின. புறக்கோட்டைக் கடைகளில் நின்றவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மருதானை ஸாஹிராவுக்குப் படிக்கப் போனவர்கள் எல்லோருக்கும் அது வசதி. ஸாஹிரா தொடங்கியது 1892 இல். ஏழு வருடத்தில் அந்தப் பக்கமாக ட்ராம் வந்துவிட்டது.

என் உம்மாவின் வாப்பா மருதானையில் பிறந்தவர். நாங்கள் மூத்தாப்பா என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் ட்ராமில் போனதை மௌத்தாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கங்கள் திறந்த வண்டி, குறுக்கே போட்ட வாங்குகள், ஓட்டுகிறவர் காலால் மிதித்து அடிக்கும் மணி. அவருக்கு அதில் ஒரு விஷயம் பெரிதாகப் பட்டிருந்தது. "ஒரு பக்கம் கோட் போட்ட கிளாக்கர் ஐயா, மத்தப் பக்கம் மீன் கூடையோட ஒரு மனிசி, நடுவுல நான். எல்லாருக்கும் ஒரே மணி" என்பார். ரிக்‌ஷாவில் ஒருவன் இழுக்க ஒருவன் உட்கார்ந்தான். ட்ராமில் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஆனால் ட்ராமை ஓட்டியவர்களின் பாடு நல்லதாக இருக்கவில்லை. 1929 இல் அவர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் முன்னுக்கு நின்றது. பெப்ரவரியில் அது பெரிய கலவரமாக மாறி, சனங்கள் மருதானைப் பொலிஸ் நிலையத்தைச் சூழ்ந்தார்கள். பொலிஸ் சுட்டது. உயிர்கள் போயின. நாங்கள் தினமும் கடந்து போகும் அதே மருதானையில் நடந்த கதை இது. சனங்கள் அன்று ட்ராம்காரர்களின் பக்கம் நின்றார்கள். தங்களை ஏற்றிச் செல்கிறவனும் தங்களில் ஒருவன் என்று நினைத்தார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்றால், அதே குணசிங்க 1930களில் வேலை தட்டுப்பாடு வந்ததும் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். ஒன்றாக நின்ற சனத்தைப் பிரிக்க அதிக காலம் தேவைப்படவில்லை.

பஸ்ஸின் கதை வேறு. 1930களில் பஸ் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருந்த தனி ஆட்கள். ஒரே றோட்டில் ஒருவரை ஒருவர் முந்தி ஓடுவார்கள். ஆள் பிடிக்கச் சண்டை நடக்கும். கடைசியில் 1942 இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பாதையை ஒருவருக்கு என்று உரிமம் கொடுத்தார்கள். போட்டி நின்றது. ஆனால் அந்தப் பாதைகள் பெரிய கம்பனிகளின் கைக்குப் போய்விட்டன. இலாபம் வரும் பாதையில் பஸ் ஓடும். மற்றப் பாதையில் சனம் காத்து நிற்கும்.

அதற்குப் பதிலாகத்தான் 1958 ஜனவரி 1 ஆம் திகதி பண்டாரநாயக்க அரசாங்கம் பஸ் கம்பனிகள் எல்லாவற்றையும் அரசுடமையாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் தொடங்கியது. எங்கள் வாயில் இன்றைக்கும் இருக்கும் "இ.போ.ச. பஸ்" அன்று பிறந்தது. இலாபம் இல்லாத பாதைக்கும், இரவுக்கும், கிராமத்துக்கும் பஸ் ஓட வேண்டும் என்பது அதன் நோக்கம். மாணவர்களுக்குக் குறைந்த விலையில் சீசன் டிக்கட் என்ற ஏற்பாட்டால் எத்தனை ஆயிரம் ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள் என்பதை எங்கள் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அதே பஸ்தான் அதே வருடம் ஒரு பெரிய காயத்துக்கும் காரணமானது. வாகன இலக்கத் தகட்டில் சிங்கள "ஸ்ரீ" எழுத்து போட வேண்டும் என்பது அப்போதைய சட்டம். புதிய சபையின் பஸ்கள் அந்த எழுத்தோடு 1958 மார்ச்சில் வடக்குக்கு அனுப்பப்பட்டன. அங்கே அதற்குத் தார் பூசினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். மே மாதம் நாட்டில் இனக்கலவரம் வெடித்தது. எல்லோரையும் ஏற்றுவதற்கென்று வாங்கிய வண்டி, ஓடத் தொடங்கி மூன்று மாதத்துக்குள் இது யாருடைய வண்டி என்ற கேள்விக்குள் மாட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கும்போது நான் ஒன்றைத்தான் சொன்னேன்: அந்த எழுத்தைப் போட்டவர்கள் யாரும் அந்த பஸ்ஸில் போகிறவர்கள் இல்லை.

இதற்கிடையில் ட்ராமை 1944 இல் மாநகர சபை பொறுப்பெடுத்தது. 1953 இல் மேலே மின்கம்பியில் தொட்டுக்கொண்டு ஓடும் ட்ரொலி பஸ் வந்தது. 1960 இல் கடைசி ட்ராமும் நின்றது. 1964 இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது. மின்சாரத்தில் நகரத்தைச் சுற்றிய 65 வருடக் கதை அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு கொழும்பில் ஓடியதெல்லாம் எண்ணெயில்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி தலைப்பில் சொன்ன பைக்கு வருகிறேன்.

லண்டனில் ஓடிப் பழசான இரட்டைத் தட்டு பஸ்களை வாங்கிக் கொண்டுவந்து கொழும்பில் ஓட்டினார்கள் அல்லவா, அந்தக் காலத்துச் சனநெரிசலைப் பற்றி மூத்தாப்பா சொல்லும்போதெல்லாம் ஒரு பழக்கத்தைச் சொல்வார். இன்றைக்கும் நாங்கள் செய்கிறோம், யோசிக்காமலே செய்கிறோம். பஸ்ஸில் சீட் கிடைத்தவர், பக்கத்தில் நிற்பவரின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். கேட்கவும் தேவையில்லை, கையை நீட்டினால் போதும். பைக்குள் சம்பளக் காசு இருக்கும், பிள்ளையின் மருந்து இருக்கும். கொடுப்பவருக்கு வாங்குபவரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, மார்க்கம் தெரியாது. இறங்கும்போது திருப்பி வாங்கிக்கொண்டு ஒரு தலையாட்டல். அவ்வளவுதான்.

இதை யாரும் சட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. நெரிசலில் சனங்களே உண்டாக்கிக்கொண்ட அமானிதம் இது. கொழும்பு பஸ்ஸின் வரலாற்றை இந்தப் பையை வைத்தே எழுதலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்போது பை கைமாறியது, எப்போது மாறவில்லை என்று பார்த்தால் நாடு எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும்.

1979 இல் தனியார் பஸ்களுக்குத் திரும்பவும் கதவு திறந்தது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் எங்கள் பொரளைத் தொகுதி எம்.பி. எம். எச். முஹம்மத். அதனால் பஸ் கூடியது உண்மை. தரிப்பிடத்தில் காத்திருக்கும் நேரம் குறைந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குத் தொழிலும் கிடைத்தது. எங்கள் சொந்தக்காரர்களிலும் பஸ் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1930களின் பழைய வருத்தமும் அதோடு திரும்பி வந்தது. சாரதியும் கொண்டக்டரும் மாதச் சம்பளத்துக்கு ஓடுவதில்லை. அன்றைய கலெக்‌ஷனில்தான் அவர்களின் பங்கு. முதலாளிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, டீசலுக்கும் போட்ட பிறகு மிஞ்சுவதுதான் அவர்கள் வீட்டுக்குப் போகும். அதனால்தான் ஒரு ஹோல்டில் பத்து நிமிடம் இழுத்தடித்து நிற்பார்கள், பின்னால் அதே நம்பர் பஸ் தெரிந்ததும் பறப்பார்கள். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹ இட தியெனவா" என்று இல்லாத இடத்துக்கு ஆளைத் தள்ளுவார்கள். அவர்களைத் திட்டுவது எளிது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் கலெக்‌ஷனில் வாழச் சொல்லிவிட்டு ஆறுதலாக ஓட்டு என்று சொன்னால் அது நடக்காது. 1942 இல் ஒரு முறை இந்த நாடு அதை விளங்கிக்கொண்டது. பிறகு மறந்துவிட்டது.

பிறகு யுத்தம் பஸ்ஸுக்குள் வந்தது. 1987 ஏப்ரல் 21 ஆம் திகதி புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போக நின்ற சாதாரண சனம். என் உம்மா அப்போது புறக்கோட்டை வழியாகத் தையல் வகுப்புக்குப் போய் வருவார். அன்றிலிருந்து மூத்தாப்பா அவரை பஸ்ஸில் விடவில்லை, கோச்சியில் போ என்றார். 1996 ஜூலை 24 இல் தெகிவளையில் கோச்சியிலும் குண்டு வெடித்தது. 64 பேர் இறந்தார்கள். "இனி எதுல போக?" என்று உம்மா கேட்டதாக வீட்டில் இன்னும் சொல்வார்கள்.

அந்த வருடங்களில்தான் பை பயமாக மாறியது. இருக்கைக்குக் கீழே பார்சல் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பையைத் திறக்கச் சொல்வார்கள். தமிழ் பேசினால் இரண்டாம் முறை பார்ப்பார்கள். தெரியாதவரின் பையை யாரும் மடியில் வைக்க மாட்டார்கள். நான் சின்னப் பிள்ளையாக உம்மாவோடு பஸ்ஸில் போகும்போது, "யாரும் ஒண்டும் தந்தா வாங்காத" என்பதுதான் எனக்குத் தந்த முதல் புத்தி.

2009 இற்குப் பிறகு மெல்ல மெல்ல அந்தக் கைகள் திரும்பவும் நீண்டன. நான் கலாசாலைக்குப் போய் வந்த காலத்தில் எத்தனை பைகளை மடியில் சுமந்திருப்பேன் என்று கணக்கில்லை. கீரைக்கட்டு, புத்தக மூட்டை, ஒரு தடவை கேக் பெட்டி. அந்த நாட்களில் அது பெரிய விஷயமாகவே படவில்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகுதான் அதன் பெறுமதி தெரிந்தது. உயிர்த்த ஞாயிறன்று நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு பாடசாலை திறந்ததும் நான் வழமை போல பஸ்ஸில் ஏறினேன். அபாயாவும் தோளில் ஒரு பையும். எனக்கு ஜன்னலோரம் சீட் கிடைத்தது. பஸ் நிறைந்தது. சனம் நின்றது. என் பக்கத்துச் சீட் மட்டும் மூன்று தரிப்பிடம் வரைக்கும் காலியாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் பையை மட்டும் பார்த்தார்கள். நான் அதைத் திறந்து, பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகள் தெரியும்படி மடியில் வைத்தேன். யாரும் கேட்காமலே அப்படி வைத்ததுதான் இன்று வரைக்கும் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய பயமும் பொய் இல்லை. தேவாலயங்களில் இறந்தவர்களின் சொந்தங்களும் அந்த பஸ்ஸில் இருந்திருக்கலாம்.

இரண்டு கிழமை இப்படிப் போனது. அதற்குப் பிறகு ஒரு நாள், நான் உட்கார்ந்திருக்க, வயதான ஒரு சிங்கள அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் சந்தையில் வாங்கிய சாமான் பை. நான் எழும்பி இடம் கொடுக்கப் போனேன். அவர் வேண்டாம் என்று என் தோளில் கை வைத்து, "துவே, மேக்க பொட்டக் அல்லகன்னகோ" என்று பையை என் மடியில் வைத்தார். மகளே, இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று. வல்லாரையும் தேங்காயும் இருந்த பை. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அவர் இறங்கும் வரைக்கும் போனேன். அன்று பாடசாலைக்குப் பிந்தித்தான் போனேன். சிவப்புக் கோடு விழுந்தது. பரவாயில்லை.

அதே 2019 இல் கொழும்புக்கு ஒரு நல்ல செய்தியும் வந்திருந்தது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு மின்சார இலகு ரயில் போட ஜப்பானோடு கடன் ஒப்பந்தம் ஆனது. 1964 இல் விட்ட இடத்திலிருந்து மின்சாரம் திரும்பவும் வரும் என்று நினைத்தோம். 2020 செப்டம்பரில் அப்போதைய அரசாங்கம் செலவு கூட என்று சொல்லி அதை நிறுத்தியது.

இரண்டு வருடம்தான் போனது. 2022 இல் நாட்டில் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை. நாள் கணக்காக வரிசை, பிறகு கியூ ஆர் முறை. ஸ்கூல் வேன் நின்றது, ஆட்டோ நின்றது, பாடசாலைகள் கிழமைக் கணக்கில் மூடப்பட்டன. எண்ணெயில் மட்டும் ஓடும் நகரம் எண்ணெய் இல்லாதபோது என்ன ஆகும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்தோம். அந்த மாதங்களில் ஓடிய கொஞ்ச பஸ்ஸும் கோச்சியும்தான் ஆஸ்பத்திரியையும் கடைகளையும் உயிரோடு வைத்திருந்தன. காரில் மட்டுமே போய்ப் பழகியவர்கள் எல்லாம் மிதிபலகையில் தொங்கினார்கள். கொஞ்ச நாட்களுக்கு முன் கொரோனா பயத்தில் ஒருவரை ஒருவர் தொடாமல் இருந்த சனம், திரும்பவும் ஒருவர் பையை ஒருவர் வாங்கியது. இப்போது என்னிடம் பத்தாம் தரம் படிக்கும் பிள்ளைகள் அப்போது ஏழாம் தரம். பாடசாலை திறந்த முதல் நாட்களில் தடுமாறாமல் வந்து சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? தினமும் பஸ்ஸில் வந்த அதே பிள்ளைகள். அவர்களுக்கு மட்டும்தான் வழி தெரிந்திருந்தது.

உறவுகளே, எரிபொருள் வந்ததும் நாங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம். பஸ் என்றால் வசதி இல்லாதவனின் வண்டி என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமலே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எங்களில் வசதியானவர்கள் இறங்க இறங்க பஸ்ஸுக்காகப் பேசும் ஆட்களும் குறைகிறார்கள். இலகு ரயிலை நிறுத்தியபோது எங்கள் பகுதியில் எத்தனை பேர் அதைப் பற்றிக் கதைத்தோம்? நான் உட்படக் கதைக்கவில்லை.

பெற்றோர்களின் பயத்தை நான் தட்டிவிடவில்லை. முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் விஷயத்தில். 2017 இல் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் வெளியிட்ட ஆய்வில், இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளான பெண்கள் 90 வீதம் என்று வந்தது. நானும் அந்தத் தொண்ணூறுக்குள் ஒருத்திதான். என் உம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பார், சொல்லியதில்லை. இதற்குப் பிள்ளையை வீட்டுக்குள் வைப்பது மருந்தாகாது. நாளைக்கு அவள் வளாகத்துக்குப் போக வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், அப்போது தனியாகத்தான் ஏறுவாள். இப்போதே தோழிகளோடு சேர்ந்து ஏறப் பழகட்டும். யாராவது தொட்டால் வெட்கப்பட வேண்டியது அவள் இல்லை, சத்தம் போடலாம், கொண்டக்டரிடம் சொல்லலாம், அது தண்டனைச் சட்டத்தில் குற்றம், 119 அல்லது பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். எங்கள் ஆண் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது எப்படி நிற்பது என்பதும் கல்விதான். பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதிபரின் அனுமதியோடு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை எங்கள் வகுப்பு நூதனசாலைக்கு பஸ்ஸில் போகிறது. புறக்கோட்டை வரை ஒரு பஸ், அங்கிருந்து 138. அந்தக் கட்டடம் 1877 இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் கொழும்பு முஸ்லிமான வாப்பிச்சி மரைக்கார். ஸாஹிராவைத் தொடங்க முன்நின்றவர்களிலும் அவர் ஒருவர். அவர் கட்டிய கட்டடத்தை அவரது ஊர்ப் பிள்ளைகள் காட்சிக்கு மட்டுமல்ல, வழியையும் தெரிந்து போய்ப் பார்க்கட்டும்.

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு குழுவுக்கும் தலைமை அந்த ஐந்து பேரில் ஒருவர். எங்கே நிற்பது, மிச்சக் காசை எப்போது கேட்பது, எந்த இடத்தில் எழும்பிக் கதவுப் பக்கம் போவது என்று மற்றவர்களுக்குக் காட்டப்போவது அவர்கள்தான். என் மேசைக்கு வந்த பிள்ளையிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "டீச்சர், லிப்டன் சந்தி தாண்டினதும் எழும்பணும். இல்லாட்டி இறங்கேலாம போகும். அத முதல்லயே எல்லாருக்கும் செல்லுங்கோ" என்றாள்.

நீயே சொல்லு என்றேன். அடுத்த நாள் வகுப்பின் முன்னால் நின்று அவளே சொன்னாள்.

பெற்றோர்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். பிள்ளைக்கு அளவான மாற்றிய காசு கொடுத்து விடுங்கள், ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கொண்டக்டர் எனக்குத்தான் ஏசுவார். மற்றது, சீட் கிடைத்தால் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைக்கும்படி சொல்லி அனுப்புங்கள். யார் என்று பார்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் வீடுகளில் ட்ராமையோ ட்ரொலி பஸ்ஸையோ கண்ட பெரியவர்கள் இன்னும் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, கீழே எழுதுங்கள். எந்தப் பாதை, எங்கே ஏறினார்கள், யாரோடு போனார்கள் என்று எழுதினால் போதும். அச்சடித்து வகுப்புச் சுவரில் ஒட்டுவோம், இன்ஷா அல்லாஹ். என் மூத்தாப்பாவிடம் நான் முழுமையாகக் கேட்டு வைக்கவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.